பூவார் கால்வாயில் ஒரு பழைய வள்ளம்: பலகை மாற்றுவதா, ஃபைபர் அடிப்பதா?

கரையோரம், பொழியூர்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊரைத் தாண்டினால் கொல்லங்கோடு, அதாவது தமிழ்நாடு. மாமா கடைசிவரை ஓட்டிக்கொண்டிருந்த வள்ளம் இப்போது என் தலையில் வந்து விழுந்திருக்கிறது. 18 அடி நீளம், நடுவில் மூன்றரை அடி அகலம். அயினிப் பலகை, செம்பு ஆணி. என்ஜின் கிடையாது. ஊன்றித் தள்ள ஒரு கழுக்கோல், துடுப்பாக இரண்டு பங்காயம், அவ்வளவுதான்.

அவர் போன பிறகு யாரும் அதைத் தொடவில்லை. ஏவிஎம் (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாய்க் கரையில் தென்னந்தோப்புக்குள் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். திருப்பிப் பார்த்தால் பலகைக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது. அணியத்துப் பக்கம், அதாவது முன்முனையில், அடிப்பலகையில் ஓர் இடம் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் அமுங்குகிறது.

சொந்த உபயோகத்துக்குத்தான். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெய்யாற்றுப் பொழி (ஆறு கடலில் சேரும் மணல்வாய்) வரைக்கும் போய்வர வேண்டும், தூண்டில் போட வேண்டும், அக்கரைத் தோப்புத் தேங்காயை இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் "மேலே ஃபைபர் அடித்துவிடு, அப்புறம் தொடவே வேண்டாம்" என்கிறார். சின்னதாக ஒரு மோட்டார் மாட்டலாமா என்றும் ஒரு யோசனை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏரிக்கரை, தடா:

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி தம்பி. நான் பழவேற்காடு ஏரியில் ஃபைபர் வேலை, அதாவது கண்ணாடி இழையை ரெசின் பசையில் தோய்த்துப் படகுக்கு அடிக்கிற வேலை பார்க்கிறவன். ஆந்திரக் கரைக்கும் போவேன், தமிழ்நாட்டுக் கரைக்கும் போவேன். எங்கள் பக்கம் மரப்படகு குறைந்துகொண்டே வருகிறது. ஏரி சராசரியாக ஒரு மீட்டர் ஆழம்தான், தண்ணீர் வற்றும் மாதங்களில் சேற்றில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அந்த நேரத்தில் படகு கனமாக இருந்தால் உயிர் போய்விடும். தவிர, நல்ல ஓடாவி (படகுத் தச்சர்) இன்றைக்குக் குதிரைக்கொம்பு. ஃபைபர் அடிக்கத் தெரிந்த பையன்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள்.

உளிச்சத்தம், கொல்லம்:

அண்ணாச்சி சொல்வது புதுப்படகுக்குச் சரி. பழைய மரத்தின் மேல் ஃபைபர் அடிப்பது வேறு கதை, அதில்தான் பலர் பணத்தைத் தொலைக்கிறார்கள். அப்பா குளச்சலில் வள்ளம் கட்டியவர், நான் பிழைப்புக்குக் கொல்லம் வந்து அதே வேலையைத்தான் செய்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் மாமா அந்த வள்ளத்துக்கு வருஷா வருஷம் மீனெண்ணெயோ அண்டி எண்ணெயோ பூசியிருப்பார். அது மரத்துக்குள் ஊறி இறங்கியிருக்கும். எண்ணெய் ஊறிய பலகையில் ரெசின் பிடிக்காது. மேலாகச் சுரண்டிவிட்டு அடித்தால் அன்றைக்குப் பளபளவென்று இருக்கும், பிடித்த மாதிரியும் தெரியும். மரம் தண்ணீர் பட்டால் உப்பும், வெயிலில் சுருங்கும். ஃபைபர் அப்படி அசையாது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்து ஏதோ ஓர் ஆணித்தலையில் மயிரிழை அளவுக்கு விரிசல் விடும். அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். போன தண்ணீர் வெளியே வராது. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வேர்த்த ஆள் மாதிரி மரம் உள்ளேயே புழுங்கும். வெளியிலிருந்து பார்த்தால் புது வள்ளம், உள்ளே பலகை புட்டுமாவாகியிருக்கும். உரித்துப் பார்க்கும்போது காப்பாற்ற ஒன்றும் மிஞ்சாது.

"கொச்சியில் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனமே மரத்துக்கு ஃபைபர் போட்டுக் காட்டியிருக்கிறதே" என்று யாராவது வருவீர்கள். அவர்கள் போட்டது மருந்தேற்றிய புது ரப்பர் மரத்தின் மேல். எண்ணெய் தொடாத, பதமாக உலர்ந்த மரம். அதையும் இதையும் ஒன்றாக்க வேண்டாம்.

முதலில் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வள்ளத்தின் அடியில் படுத்துவிடுங்கள். முக்கியமாக மூன்று இடம் பாருங்கள்: பலகைகளை உள்ளிருந்து தாங்கும் வங்குக்கட்டைகள் பலகையைத் தொடும் இடம், அணியமும் அமரமும் (பின்முனை) கூர்ந்து சேரும் மூலை, அடிப்பலகையின் உள்பக்கம். ஸ்க்ரூடிரைவர் முனை கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அங்கே மரம் போய்விட்டது. கைப்பிடியால் தட்டியும் பாருங்கள். நல்ல அயினி கணீர் என்னும், போன மரம் பொத் என்னும். ஒன்றிரண்டு பலகை என்றால் மாற்றிவிடலாம். வங்குக்கட்டை பாதிக்கு மேல் போயிருந்தால் மட்டும் விறகைப் பற்றிப் பேசலாம்.

வெளிச்சம் தெரிகிறது என்றீர்களே, அதற்குக் கவலைப்படவே வேண்டாம். கரையில் கிடந்த வள்ளம் எல்லாமே அப்படித்தான்.

ஏரிக்கரை, தடா:

தச்சர் தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது! எண்ணெய் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். எண்ணெய் குடித்த மரத்தில் சாதா பாலியெஸ்டர் ரெசின் உரிந்து வரும், நானே உரித்திருக்கிறேன். எபாக்ஸி மரத்தில் அதைவிட நன்றாகப் பிடிக்கும். ஆனால் விலை அதிகம், எண்ணெய்ப் பிசுக்கு அதற்கும் ஆகாது.

ஆனால் ஃபைபர் என்றாலே ஏதோ பாவம் மாதிரிப் பேசாதீர்கள். முழு ஃபைபர் படகு ஒன்று வாங்கினால் பிரச்சினையே இல்லை என்பதுதான் என் கட்சி. பழைய ஃபைபர் படகு வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், யாருக்காவது ஆகும். என்ஜின் மாட்டும் பின்பலகைக்குள் பிளைவுட் வைத்துத்தான் ஃபைபர் மூடியிருப்பார்கள். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி அந்த பிளைவுட் அழுகும். என்ஜினைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் பின்பலகையும் சேர்ந்து ஆடும். அப்படி ஆடினால் விலை பேசாமலே வந்துவிடலாம். அடிப்பக்கம் கொப்புளம் கொப்புளமாக இருந்தால் குத்திப் பாருங்கள். புளித்த வாடையோடு நீர் கசிந்தால் தண்ணீர் ஃபைபருக்குள்ளேயே ஏறியிருக்கிறது என்று அர்த்தம். சேற்றிலும் கல்லிலும் இழுத்து அடிப்பாகம் தேய்ந்திருந்தால் உள்ளிருக்கும் இழை வெளியே தெரியும். அதை உடனே மூடிவிட வேண்டும்.

வீட்டிலேயே ஒட்டுப்போட நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கோபால்ட் என்று ஒரு நீலத் திரவம் தருவார்கள், ஹார்டனர் தனியாகத் தருவார்கள். அந்த இரண்டையும் நேராக ஒன்றோடொன்று சேர்க்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, வேலை தொடங்கும்போதுதான் ஹார்டனரை விட வேண்டும். இரண்டு பாட்டிலையும் ஒரே பெட்டியில் வைக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஈரக்காற்றில் ரெசின் வெளுத்துப் பிசுபிசுவென்று நிற்கும், அதனால் மழை மாதத்தில் இந்த வேலையே வேண்டாம்.

செட்டு, ஆலப்புழை:

நாங்கள் தலைமுறையாக ஆலப்புழையில் கடை வைத்திருக்கிற தமிழ்க் குடும்பம். வீட்டுக்குப் பின்னால் தோடு, அதாவது வாய்க்கால், அதில் ஒரு சின்ன ஃபைபர் வள்ளம். சரக்கு எடுக்கவும் அதுதான், கல்யாணத்துக்குப் போகவும் அதுதான்.

பொழியூர்த் தம்பி ஒன்று கவனிக்க வேண்டும். எந்தப் பொருளில் படகு என்பதைவிட எந்தத் தண்ணீரில் நிற்கப்போகிறது என்பதுதான் முதல் கேள்வி. இங்கே காயலின் குறுக்கே இருக்கும் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் ஷட்டரை வெயில் மாதங்களில் இறக்கிவிடுவார்கள், குட்டநாட்டு நெல்லுக்கு உப்பு ஏறக் கூடாது என்று. ஷட்டருக்குத் தெற்கே தண்ணீர் நன்னீராகவே நிற்பதால் மரம் துளைக்கும் புழுவின் தொல்லை இல்லை. அதற்குப் பதிலாக ஆகாயத்தாமரை வந்து தோட்டை மூடிவிடும். ஷட்டர் தூக்கி உப்பு ஏறினால்தான் அது சாகும். உங்கள் பக்கம் பொழி திறந்திருக்கும்போது கடல் நீர் கால்வாய்க்குள் வரும் இல்லையா? அப்படியென்றால் மரவள்ளத்துக்குப் புழுதான் எமன்.

ஃபைபருக்குப் பராமரிப்பே வேண்டாம் என்று சொல்வதை நம்பாதீர்கள். உள்ளே மழைத்தண்ணீர் நின்று, அதில் இலை விழுந்து அழுகி, யாரும் இறைக்காமல் விட்டால் ஃபைபர் வள்ளமும் ஒரு நாள் தோட்டுக்கு அடியில் கிடக்கும். மரவள்ளமாவது பாதி முங்கி மிதக்கும். காற்றறை வைக்காத ஃபைபர் நேராக அடிக்குத்தான் போகும். இறைக்க ஐந்து லிட்டர் எண்ணெய் கேனைச் சாய்வாக வெட்டி ஒரு கயிற்றில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள், பம்பெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

கரையோரம், பொழியூர்:

எல்லோருக்கும் நன்றி. ஸ்க்ரூடிரைவரோடு படுத்துப் பார்த்தேன். அணியத்துப் பக்கம் அந்த ஒரு பலகைதான், ஏறக்குறைய இரண்டடி நீளத்துக்கு இறங்குகிறது. வங்குக்கட்டைகள் எல்லாம் கணீர். செம்பு ஆணிகள் பச்சை பிடித்திருக்கின்றன, ஆனால் ஆடவில்லை. நடுவில் யாரோ சாதா இரும்பு ஆணி சிலது அடித்திருக்கிறார்கள், அதைச் சுற்றி மரம் கறுத்துப்போயிருக்கிறது. சில பலகைகளின் வெளிப்பக்கம் குண்டூசி நுழையும் அளவுக்குச் சின்னச் சின்ன ஓட்டைகள். அதுதான் புழுவா?

உளிச்சத்தம், கொல்லம்:

அதேதான். வெளியே ஊசி முனை அளவுதான் தெரியும், உள்ளே விரல் மொத்தத்துக்கு வளையடித்திருக்கும். பொடியாக நுழைந்து மரத்துக்குள்ளேயே வளர்கிற பிராணி அது. நல்ல வேளையாக உங்கள் வள்ளம் கரையில் கிடந்தது. காய்ந்தால் புழு செத்துவிடும். தட்டிப் பார்த்து பொத் என்று கேட்கும் இடம் மட்டும்தான் கவலை.

இரும்பு ஆணிகளை முதலில் பிடுங்குங்கள். உப்புத்தண்ணீரில் செம்பும் இரும்பும் பக்கத்தில் இருந்தால் இரும்பு கரையும், கரைந்த துரு மரத்தைத் தின்னும். கறுப்பு அதனால்தான். அந்த ஓட்டைகளில் அயினி ஆப்பே வைத்து அடித்து, பக்கத்தில் புது செம்பு ஆணி போடுங்கள். பித்தளை ஸ்க்ரூவும் வேண்டாம், நாளாக ஆக உப்பில் பொடிந்துவிடும்.

போன பலகையை இரண்டடிக்கு மட்டும் வெட்டிச் சதுரமாக ஒட்டுவைக்க யாராவது முன்வருவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வங்கிலிருந்து இன்னொரு வங்கு வரைக்கும் எடுத்து, முனையைச் சாய்வாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்த வேண்டும். நேர்வெட்டு முனையில்தான் தண்ணீர் முதலில் ஏறும்.

அப்புறம் கலப்பத்து, அதாவது இடுக்குகளைப் பஞ்சால் அடைப்பது. பலகை இடுக்கில் இருக்கும் பழைய பஞ்சையும் குங்கிலியத்தையும் கொக்கி உளியால் முழுக்க வழித்தெடுங்கள். பஞ்சை எண்ணெயில் தோய்த்து விரலால் திரித்து, மழுங்கிய உளியும் மரச்சுத்தியலும் வைத்து உள்ளே அடிக்க வேண்டும். எவ்வளவு அடிப்பது என்பதில்தான் வித்தை. வெயிலில் காய்ந்து இடுக்கு அகலமாக இருக்கிறதே என்று இறுக்கி அடித்துவிட்டால், தண்ணீரில் போட்டதும் பலகை உப்பி, அடித்த பஞ்சே பலகையை நெம்பி ஆணியை இழுத்துவிடும். சுத்தியல் சத்தம் மந்தமாக இருந்து கொஞ்சம் கெட்டியாக மாறும்போது நிறுத்த வேண்டும். பக்கத்தில் ஒரு பழைய ஆசாரியை உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள், காதால்தான் கற்றுக்கொள்ள முடியும். கடைசியில் குங்கிலியப் பொடியை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசி அடைக்க வேண்டும்.

வெளிப்பக்கத்துக்கு அண்டி எண்ணெய், அதாவது முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து எடுப்பது. கொல்லத்தில் தாராளமாகக் கிடைக்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், தோல் வெந்து கொப்புளமாகிவிடும். பிள்ளைகளை அந்தப் பக்கமே விட வேண்டாம். உள்பக்கத்துக்கு மத்தி எண்ணெய். இரண்டையும் வள்ளம் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, வெயில் ஏறியபின் பூசினால்தான் உள்ளே இறங்கும். ஈரமரத்தில் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியது மாதிரி ஆகிவிடும்.

எல்லாம் முடிந்தபின் தண்ணீரில் இறக்கி, கரையோரம் ஆழமில்லாத இடத்தில் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் முங்க வையுங்கள். ஓட்டை என்று பதறிப்போய் மறுபடி பஞ்சு திணிக்காதீர்கள். பலகை ஊறி உப்பித் தானாக அடையும். அதற்குப் பிறகும் கசியும் இடம்தான் உண்மையான ஓட்டை.

செட்டு, ஆலப்புழை:

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் வெயில்காலத்தில் உபயோகமில்லாத மரவள்ளத்தைத் தோட்டிலேயே முக்கிப் போட்டுவிடுவார்கள். பார்க்கிறவர்கள் வள்ளம் மூழ்கிவிட்டது என்று நினைப்பார்கள். வெயிலில் வெடிக்காமல் இருக்க அதுதான் மலிவான வழி. ஆனால் நன்னீரில்தான் அந்தக் கதை நடக்கும். உப்பு ஏறும் இடத்தில் முக்கினால் புழுவுக்கு விருந்து.

மிட்லண்ட்ஸ் மாமா, பர்மிங்காம்:

களியக்காவிளைக்காரன், குளிரில் உட்கார்ந்து இந்த இழையை வாசித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே கால்வாய்ப் படகு வைத்திருக்கிற கூட்டமே தனி. படகு எல்லாம் இரும்பு, அகலம் 6 அடி 10 அங்குலம். 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய மதகுகள் ஏழடி அகலம் என்பதால் இன்றுவரை அதே அளவு. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மேலே ஏற்றி அடிப்பக்கம் தார்ப்பூச்சு அடிக்க வேண்டும். சொந்தமாகக் கட்டுமிடம் இல்லாதவர்கள் ஓர் இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கவும் கூடாது. அங்கே எங்கள் ஏவிஎம் கால்வாய் இன்னும் ஓடுகிறதா அண்ணே? 1860 வாக்கில் திருவிதாங்கூர் அரசு வெட்ட ஆரம்பித்ததைப் பற்றித் தாத்தா கதை கதையாகச் சொல்வார்.

கரையோரம், பொழியூர்:

பூவாரிலிருந்து இரயுமன்துறை வரை 11 கிலோமீட்டரை 2016-ல் தேசிய நீர்வழி 13 என்று சட்டத்தில் சேர்த்தார்கள் மாமா. காகிதத்தில் ஓடுகிறது. எங்கள் வீட்டுப் பக்கம் வள்ளம் போகும், அந்தப் பக்கம் போகப் போக மண்மேடும் ஆக்கிரமிப்பும்தான். பாதி கேரளத்தில், பாதி தமிழ்நாட்டில், அதனால் தூர்வாருவதும் பாதிப் பாதி.

வாட், திருவனந்தபுரம்:

மோட்டார் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. இந்த உபயோகத்துக்கு பேட்டரி மோட்டார் போதும். தூண்டில்காரர்கள் மாட்டும் 55 பவுண்டு இழுவை மோட்டார் ஒன்று பாருங்கள். முழு வேகத்தில் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 50 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் போய்விடும், ஆக முழு வேகத்தில் ஒரு மணி நேரம். மெதுவாகப் போனால் நேரம் பல மடங்கு நீளும். அந்தச் சின்ன வள்ளத்தில் லெட் பேட்டரி 30 கிலோ உட்காருவது பெரிய பாரம். லித்தியம் என்றால் அதில் பாதிகூட வராது. வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் நடுவே 2017-லிருந்து ஆதித்யா என்ற சூரியசக்திப் படகு 75 பேரை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது, அதனால் இது விளையாட்டு என்று நினைக்க வேண்டாம்.

செட்டு, ஆலப்புழை:

விளையாட்டு இல்லை, ஆனால் எங்கள் தோட்டில் ஆகாயத்தாமரைக்குள் அந்த மோட்டாரை விட்டுப் பாருங்கள். தண்டு சுற்றி நின்றுவிடும், கையை விட்டு அறுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நான் வைத்திருப்பது பெட்ரோல் என்ஜின், இரண்டு ஸ்ட்ரோக், லிட்டருக்கு 20 மில்லி ஆயில். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், மிஞ்சினால் தண்ணீரோடு பிரிந்து டாங்க் அடியில் தங்கும். அது கார்புரேட்டருக்குப் போனால் நடு ஆற்றில் நிற்பீர்கள். ஆகவே டாங்கில் பெட்ரோலை வைத்து மாதக்கணக்கில் பூட்டிப் போடாதீர்கள். உப்புத்தண்ணீரில் ஓட்டினால் வீட்டுக்கு வந்ததும் ஒரு டிரம் நல்ல தண்ணீரில் இறக்கி ஐந்து நிமிஷம் ஓடவிடுங்கள். பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் இம்பெல்லர் போய்விட்டது. கியர் ஆயில் வெளுத்து வந்தால் சீல் போய்விட்டது.

வாட், திருவனந்தபுரம்:

அண்ணாச்சி, அவர் இருப்பது பொழியூரில். வாரத்துக்கு ஒரு தடவை பொழி வரைக்கும் போகிறவருக்கு இந்த மருத்துவம் எல்லாம் எதற்கு?

உளிச்சத்தம், கொல்லம்:

சண்டை போடும் முன் வள்ளத்தைப் பாருங்கள். அணியமும் அமரமும் இரண்டு முனையும் கூர். பின்பலகையே இல்லை. எந்த மோட்டார் என்றாலும் பக்கவாட்டில் சட்டம் போட்டுத்தான் மாட்ட வேண்டும். அப்படி மாட்டினால் கனம் ஒரு பக்கம் சாயும், எதிர்ப்பக்கம் பேட்டரியை வைத்தால் சமமாகும். அந்த வகையில் பேட்டரி மோட்டார்தான் பொருந்தும். கனமான என்ஜின் மாட்டுவதற்காக அமரத்தை வெட்டித் தட்டையாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த ஆளை வள்ளத்தின் பக்கமே விடாதீர்கள்.

நெய்யாறு அக்கா, பூவார்:

எங்கள் வீட்டுக்காரர் பூவாரில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறார், காகித வேலை எல்லாம் என் பொறுப்பு. அதனால் இதைச் சொல்கிறேன் தம்பி. மோட்டார் மாட்டிய நிமிஷத்திலிருந்து உங்கள் வள்ளம் சட்டப்படி வேறு இனம். பேட்டரியும் மோட்டார்தான். 2021-ல் வந்த உள்நாட்டு நீரூர்திச் சட்டப்படி மோட்டார் உள்ளதற்கு சர்வே, பதிவு, காப்பீடு எல்லாம் வேண்டும். கேரளத்தில் மாரிடைம் போர்டு பக்கம் போக வேண்டும். துடுப்பு வள்ளத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, அதைப் பதிந்துகொள்கிற வேலையை உள்ளாட்சியிடம் விட்டிருக்கிறார்கள், பஞ்சாயத்தில் விசாரித்துவிடுங்கள். உங்களை மாதிரி எல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு நல்லதும் இருக்கிறது. பழைய 1917 சட்டத்தில் ஒரு மாநிலப் பதிவை வைத்துக்கொண்டு அடுத்த மாநிலத்துக்குப் போனால் தனி அனுமதி கேட்பார்கள். இப்போது ஒரு இடத்துப் பதிவு இந்தியா முழுக்கச் செல்லும்.

இன்னொன்று. பிள்ளைகளை ஏற்றப்போவதாகச் சொல்கிறீர்கள். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட், அதுவும் பிள்ளைகளின் எடைக்கு ஏற்ற அளவில். பெரியவர்களுடையதைப் போட்டுவிட்டால் பிள்ளை நழுவிக் கீழே வந்துவிடும். இருக்கைக்கு அடியில் மடித்து வைப்பதற்கு அல்ல, ஏறும்போதே மாட்ட வேண்டும். வெயிலுக்குக் கூரை போடுகிறேன், மேலே பலகை போட்டு உட்கார இடம் செய்கிறேன் என்று கிளம்பாதீர்கள். தேக்கடியில் 2009-ல் 45 பேர், தானூரில் 2023-ல் 22 பேர் போனார்கள். தானூர்ப் படகு மீன்பிடிப் படகை மாற்றிக்கட்டியது, ஆளும் அதிகம். மூன்றரை அடி அகல வள்ளத்தில் கனம் மேலே ஏற ஏறச் சாய்ந்தால் நிமிராது. குடை பிடித்துக்கொள்ளுங்கள், போதும்.

கரையோரம், பொழியூர்:

அக்கா, கூரை யோசனை இருந்தது உண்மை. விட்டுவிட்டேன். மோட்டாரும் இப்போதைக்கு வேண்டாம், கழுக்கோலே போதும். கடைசியாக ஒன்று. எங்கே, எப்படிக் கட்டுவது? வீட்டுக்கு முன்னால் கால்வாய்க் கரையில் ஒரு தென்னை இருக்கிறது. மாமா அதில்தான் கட்டுவார்.

நெய்யாறு அக்கா, பூவார்:

தென்னையில் கட்டலாம், கயிற்றின் நீளத்தில்தான் சூட்சுமம். பொழி அடைந்திருக்கும்போது ஆற்றுத் தண்ணீர் போக வழியில்லாமல் கால்வாயில் ஏறி நிற்கும். மழை வலுத்ததும் பொழியை வெட்டிவிடுவார்கள். வெட்டிய கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சரசரவென்று இறங்கும். ராத்திரியில் வெட்டினால் யாருக்கும் தெரியாது. முன்னும் பின்னும் இழுத்துக் கட்டிய வள்ளம் கயிற்றில் தொங்கி ஒரு பக்கம் சாய்ந்து, கரைக் கல்லில் மோதிப் பலகை உடையும். ரொம்பத் தளர்த்திக் கட்டினாலோ ஓட்டத்தில் திரும்பிக் குறுக்கே நின்று தண்ணீர் ஏறிவிடும்.

அணியத்தில் ஒரு நீளக் கயிறு, கரையில் உயரமாக. அமரத்துக்குக் கால்வாய்ப் பக்கம் ஒரு மூங்கில் ஊன்றி, அதில் தளர்வான வளையமாகக் கயிறு போடுங்கள், கட்ட வேண்டாம். தண்ணீர் ஏறி இறங்கும்போது வளையம் மூங்கிலில் ஏறி இறங்கும். கயிறு மரத்தில் உரசும் இடத்தில் பழைய சைக்கிள் டியூப் சுற்றிவிடுங்கள். கனமழை எச்சரிக்கை வந்தால் இதெல்லாம் வேண்டாம், ஆள் கூப்பிட்டுக் கரையேற்றிவிடுங்கள்.

ஏரிக்கரை, தடா:

எங்கள் பழவேற்காட்டு முகத்துவாரத்திலும் இதே கதைதான் அக்கா, மணல் மூடும், திறக்கும். மூங்கில் வளையம் நல்ல வழி. நாங்களும் கழிதான் ஊன்றுகிறோம்.

உளிச்சத்தம், கொல்லம்:

தண்ணீரில் விடும் காலத்தையும் சொல்லிவிடுகிறேன். மழை பெய்து நெய்யாறு நன்னீராக ஓடும் மாதங்களில் தண்ணீரில் நிற்கட்டும், புழு அண்டாது. பொழி திறந்து உப்பு ஏறும் வெயில் மாதங்களில் வேலை முடிந்ததும் கரையேற்றி, தென்னை நிழலில், தரையைத் தொடாமல் இரண்டு கட்டை மேல் கவிழ்த்து வையுங்கள். நேரடி வெயில் கூடாது. ஓலை போட்டு மூடலாம், பிளாஸ்டிக் தார்ப்பாய் இறுக்கி மூடாதீர்கள், காற்று போக வேண்டும். மழைத்தண்ணீர் உள்ளே நிற்பதுதான் மரத்துக்கு மிகக் கெடுதல். உப்புத்தண்ணீர் கொஞ்சம் நின்றால் பரவாயில்லை, அதில் பூசணம் பிடிக்காது. பழைய ஆட்கள் மழை நின்றதும் வள்ளத்தை இறைத்துவிட்டு உள்ளே ரெண்டு வாளி கடல் தண்ணீரை அடிப்பது அதற்காகத்தான்.

இருந்து ஓட்டும் ஆள் இருந்தால் அயினி வள்ளம் உங்கள் பிள்ளைகள் காலத்துக்கும் வரும். வாரத்துக்கு ஒரு தடவைகூட எட்டிப் பார்க்க முடியாதென்றால் தடா அண்ணாச்சி சொன்ன மாதிரி காற்றறை வைத்த ஃபைபர் ஒன்று வாங்கிவிடுங்கள், அதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

கரையோரம், பொழியூர்:

வீடு கால்வாய் ஓரத்திலேயே இருக்கிறது, தினமும் கண்ணில் படும். மரமாகவே வைத்துக்கொள்கிறேன். இரும்பு ஆணியைப் பிடுங்க ஆரம்பித்தாயிற்று. அயினிப் பலகைக்கு மார்த்தாண்டம் பக்கம் ஒரு மரக்கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

உளிச்சத்தம், கொல்லம்:

வைரம் பாய்ந்த பகுதி மட்டும். மஞ்சளும் தவிட்டு நிறமுமாக இருக்கும். ஓரத்தில் வெள்ளை இருந்தால் கடைக்காரர் "கொஞ்சம்தானே, சீவினால் போய்விடும்" என்பார். சீவின பிறகு அகலம் போதுமா என்று அங்கேயே அளந்து பாருங்கள், இல்லையென்றால் வேறு கேளுங்கள். முடிச்சு ஆணி வரும் இடத்தில் இருக்கக் கூடாது. பழைய பலகையின் கனத்தை ஸ்கேலால் அளந்து, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வாங்குங்கள், இழைத்துக் குறைத்துக்கொள்ளலாம். கலப்பத்து அடிக்கும் நாள் ஞாயிற்றுக்கிழமை என்றால் முன்கூட்டிச் சொல்லுங்கள், காலை ரயிலில் பாறசாலை வந்து இறங்கிவிடுகிறேன். உளி நான் கொண்டுவருகிறேன், மரச்சுத்தியல் மட்டும் நீங்கள் பார்த்து வையுங்கள்.